சாப்பாவும் பெஞ்சும்

எர்ணாகுளத்துக்கும் மட்டாஞ்சேரிக்கும் நடுவே காயலில் கிடக்கும் வெலிங்டன் தீவில் பெரும்பகுதி இயற்கை கொடுத்ததல்ல. கடலடி மண்ணை வாரிக் கொட்டி மனிதன் உண்டாக்கியது. நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சென்னை மாகாண கவர்னராக இருந்து பிறகு வைஸ்ராயான வில்லிங்டன் பிரபுவின் பெயர்தான் தீவுக்கு வைக்கப்பட்டது. நம் வாயில் அது வெலிங்டன் ஆகிவிட்டது. 1920-இல் சென்னை அரசு அனுப்பி வைத்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் கொச்சி முகத்துவாரத்தை அடைத்துக்கொண்டிருந்த மணல்மேட்டை வெட்டினார். 1928 மே மாதம் 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் வந்து நின்றது. தோண்டிய மண்ணைக் கொட்டியதில் சுமார் 780 ஏக்கர் புதிய நிலம் எழுந்தது.

அந்தக் காலத்தின் அதிநவீனத் தொழில்நுட்பம் அது. தூர்வாரும் கப்பல், கிரேன், ரயில் பாலம் என்று உலகத்தின் சிறந்த இயந்திரங்கள் எல்லாம் அங்கே வந்தன. ஆனால் கப்பலில் இருந்து மூட்டையை இறக்க யாரை அழைப்பது என்ற கேள்விக்கு மட்டும் மிகப் பழைய ஒரு முறைதான் விடையாக இருந்தது. அதன் பெயர் சாப்பா.

சாப்பா என்பது உலோகத்தில் செய்த ஒரு வில்லை. அது கையில் இருந்தால் அன்றைக்கு வேலை உண்டு. இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். தேயிலைத் தோட்டத்துக் கங்காணியைத் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அதே ஜாதி ஆள் ஒருவர் துறைமுகத்திலும் இருந்தார். வேலை கேட்டு நிற்கும் கூட்டத்தின் நடுவே அவர் வில்லைகளை வீசி எறிவார். நூற்றுக்கணக்கான ஆண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, மிதித்து, முடியைப் பிடித்து இழுத்து அதைப் பொறுக்குவார்கள். கிடைத்தவன் கப்பலுக்குப் போவான். கிடைக்காதவன் காயத்தோடு வீட்டுக்குப் போவான்.

இது கொச்சியின் தனிச் சொத்து இல்லை. நியூயார்க், லண்டன் துறைமுகங்களிலும் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பொறுக்கும் வழக்கம் இருந்தது. 1954-இல் மார்லன் பிராண்டோ நடித்து வெளியான 'ஆன் த வாட்டர்ஃப்ரண்ட்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும்: மேஸ்திரி வில்லைகளைத் தரையில் வீச, சக தொழிலாளிகள் பகைவர்களாக மாறிப் புரள்வார்கள். கொச்சிக் கதையும் பின்னாளில் திரைக்கு வந்தது. கே.எம். சிதம்பரன் எழுதிய நாடகத்தை வைத்து ராஜீவ் ரவி இயக்கிய 'துறமுகம்' 2023-இல் வெளியானது.

சாப்பா முறையின் கெட்டிக்காரத்தனத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். முதலாளி யாரையும் அடிக்கவில்லை, யாரையும் திட்டவில்லை, யாரையும் வேலையை விட்டு நீக்கவும் இல்லை. வேலையில் வைத்திருந்தால்தானே நீக்குவதற்கு? தொழிலாளிகள் தமக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். பக்கத்தில் நின்றவனைத் தள்ளினால்தான் தனக்குச் சோறு என்று ஆன பிறகு, கூலியைப் பற்றிப் பேச யாருக்கும் நேரம் இருக்காது. கண்காணிப்புக்குத் தனிச் செலவும் இல்லை.

1953-இல் இது வெடித்தது. சாப்பா முறையை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தத்தின் உச்சத்தில், செப்டம்பர் 15-ஆம் தேதி மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதலவி ஆகிய இருவர் குண்டடிபட்டு இறந்தார்கள். ஆண்டனி என்ற தொழிலாளி போலீஸ் காவலில் அடிபட்டு மாண்டார். ஒரு வில்லையை எறியக் கூடாது, கையில் கொடுக்க வேண்டும் என்று சொல்வதற்கு மூன்று உயிர் தேவைப்பட்டது.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்று கேட்கலாம். வெலிங்டன் தீவில் இருந்து கிழக்கே சில கிலோமீட்டர் போனால் காக்கநாடு. அங்கே 2004-இல் தொடங்கிய இன்ஃபோபார்க்கில் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. குளிரூட்டிய அறை, அடையாள அட்டை, காபி இயந்திரம் என்று எல்லாம் இருக்கிறது. யாரும் யாரையும் மிதிப்பதில்லை. ஆனால் அங்கே, சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில், பெங்களூரில், புனேயில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் பேசிப் பாருங்கள். ஒரு சொல் அடிக்கடி வந்து விழும். பெஞ்ச்.

பள்ளிக்கூடத்துப் பெஞ்ச் அல்ல. மென்பொருள் நிறுவனத்தில் ஒரு வாடிக்கையாளரின் வேலை முடிந்து அடுத்த வேலை கிடைக்கும்வரை ஊழியர் சும்மா இருக்கும் காலத்துக்கு அந்தப் பெயர். சம்பளம் உண்டு, வேலை இல்லை. தொழில் வளர்ந்த காலத்தில் இது ஒரு பெருமையாகவே இருந்தது. நாளைக்குப் பெரிய ஒப்பந்தம் வந்தால் உடனே ஆள் வேண்டுமே என்று நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானோரைப் பெஞ்சில் உட்கார வைத்துச் சம்பளம் கொடுத்தன. அந்த நேரத்தில் புதிதாக ஏதாவது படித்துக்கொள்ளலாம், ஊருக்குப் போய் வரலாம், கல்யாணம்கூடச் செய்துகொள்ளலாம்.

2025 ஜூன் மாதம் நாட்டின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனமான டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் இதற்கு ஒரு கணக்கு வகுத்தது. ஊழியர் ஒவ்வொருவரும் ஆண்டில் 225 நாள் வாடிக்கையாளருக்குப் பில் போடக்கூடிய வேலையில் இருக்க வேண்டும். பெஞ்சில் 35 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. அடுத்த மாதமே, ஜூலை இறுதியில், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களில் இரண்டு சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் அதிகமானவர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலை ஊழியர்கள். செயற்கை நுண்ணறிவு காரணமல்ல, தேவைப்படும் திறமைக்கும் இருக்கும் ஆட்களுக்கும் பொருத்தமில்லை என்று நிறுவனத்தின் தலைமை விளக்கியது.

ஒரு கம்பெனிக்கு ஆள் குறைக்கும் உரிமை இருக்கிறது. லாபம் பார்க்காத கம்பெனி நாளைக்கு எல்லோருக்குமே வேலை தர முடியாது. இதை மறுப்பவர் யாருமில்லை. கேள்வி வேறு. 35 நாள் கணக்கில் ஓடும் ஊழியர் என்ன செய்வார்? எந்த புராஜெக்ட் கிடைத்தாலும் போய் ஒட்டிக்கொள்வார். தனக்குத் தெரியாத வேலையைத் தெரியும் என்பார். பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டிருக்கும் இடத்துக்குத் தானும் மனுப் போடுவார். மேலாளரின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வார். ராத்திரி பத்து மணிக்கு அமெரிக்காவில் இருந்து அழைப்பு வந்தால் மறுக்க மாட்டார். வில்லை இப்போது உலோகத்தில் இல்லை, கம்ப்யூட்டர் திரையில் இருக்கிறது. அவ்வளவுதான்.

இந்த நிறுவனங்கள் எப்போதும் இப்படி இருக்கவில்லை என்பதுதான் வருத்தம். 1981-இல் 10,000 ரூபாய் கடனோடு ஏழு பேர் தொடங்கிய இன்ஃபோசிஸை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் பங்குகளை ஊழியர்களுக்குப் பரவலாகக் கொடுத்தது இந்திய நிறுவனங்களில் அன்று புதுமை. அப்பா கம்பெனியில் பிள்ளை என்ற பழைய வழக்கத்துக்கு மாறாக, மதிப்பெண்ணும் உழைப்பும் இருந்தால் யாரும் மேலே வரலாம் என்று சொன்னது. 1999-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் இந்திய நிறுவனம் அதுதான். மைசூரில் அது கட்டிய பயிற்சி வளாகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் மாதிரி இருக்கிறது என்பார்கள். திருநெல்வேலியில், விருதுநகரில் பொறியியல் படித்த பிள்ளைக்கு அங்கே இருந்து கடிதம் வந்தால் தெருவே இனிப்புச் சாப்பிட்டது.

அதே மைசூர் வளாகத்தில் 2025 பிப்ரவரியில் 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் ஒரே நாளில் வெளியே அனுப்பப்பட்டார்கள். எண்ணிக்கை அதைவிட மிக அதிகம் என்றது ஊழியர் சங்கம். அவர்களில் பலர் 2022-இல் வேலைக் கடிதம் வாங்கி, சேரும் தேதிக்காக இரண்டு ஆண்டு காத்திருந்து 2024-இல் சேர்ந்தவர்கள். மூன்று வாய்ப்புக் கொடுத்தும் தேர்வில் தேறவில்லை, ஒப்பந்தத்தில் இந்த நிபந்தனை இருக்கிறது என்பது நிறுவனத்தின் பதில். மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் இதைக் கவனிக்கும்படி கர்நாடக அரசைக் கேட்டுக்கொண்டது.

ஒப்பந்தத்தில் இருந்தது உண்மையாகவே இருக்கட்டும். இரண்டு ஆண்டு காக்க வைத்ததற்கு ஒப்பந்தத்தில் என்ன நிபந்தனை இருந்தது? காத்திருந்தவன் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். போகவில்லை, கடிதத்தை நம்பினான். அந்த நம்பிக்கைக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இடமில்லை. விப்ரோ நிறுவனம் 2023-இல் இன்னொரு வழி கண்டது. பயிற்சி முடித்துக் காத்திருந்த புதியவர்களிடம், சொன்ன ஆறரை லட்ச ரூபாய் ஆண்டுச் சம்பளத்துக்குப் பதில் மூன்றரை லட்சத்துக்கு உடனே சேரத் தயாரா என்று கேட்டது. வில்லையை எறிந்து பாதி வழியில் கயிறு கட்டி இழுப்பது போன்ற காரியம் இது.

உலகத்தின் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களுக்கும் இந்த நோய் வந்ததுண்டு. மைக்ரோசாஃப்ட் பல ஆண்டுகள் ஒரு தர வரிசை முறையை வைத்திருந்தது. ஒவ்வொரு குழுவிலும் இத்தனை பேர் மிக நல்லவர்கள், இத்தனை பேர் சுமார், இத்தனை பேர் மோசம் என்று மேலாளர் கட்டாயம் பிரித்தாக வேண்டும். பத்துப் பேரும் கெட்டிக்காரர்களாக இருந்தாலும் யாராவது ஒருவர் மோசம் என்று எழுதப்பட வேண்டும். விளைவு என்ன ஆயிற்று? கெட்டிக்காரர்கள் இன்னொரு கெட்டிக்காரரோடு ஒரே குழுவில் வேலை செய்ய மறுத்தார்கள். வெளியே இருந்த போட்டிக் கம்பெனிகளை விட்டுவிட்டு, பக்கத்து மேஜைக்காரனைத் தோற்கடிப்பதில் மூளையைச் செலவழித்தார்கள். 2013 நவம்பரில் அந்த முறையை நிறுவனமே கைவிட்டது. சாப்பாவை எறிந்தால் மட்டாஞ்சேரியில் நடப்பதுதான் அமெரிக்காவிலும் நடக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம் பெரிய மனிதர்களோ எதிர்த் திசையில் யோசிக்கிறார்கள். இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்று 2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் அதை 90 ஆக்கினார்; ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டார். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. 1918-இல் சென்னையில் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் பின்னி ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டிச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியதும், 1923-இல் சிங்காரவேலர் கடற்கரையில் மே தினம் கொண்டாடியதும் வேலை நேரத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதற்காகவும்தான். நூறு ஆண்டு கழித்து, படித்த மகனையும் மகளையும் பார்த்து எல்லை வேண்டாம் என்று சொல்கிறோம்.

2024-இல் கொச்சியைச் சேர்ந்த ஒரு தாய், வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன தன் மகளை இழந்து, அந்த நிறுவனத்தின் தலைவருக்குக் கடிதம் எழுதினார். வேலைப்பளு மகளை நசுக்கிவிட்டது என்றார். இறுதிச் சடங்குக்கு அலுவலகத்தில் இருந்து ஒருவரும் வரவில்லை என்ற வரியைப் படித்துவிட்டு நாடே ஒரு நிமிடம் நின்றது. வேலைப்பளுதான் காரணம் என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. காரணம் எதுவாகவும் இருக்கட்டும். ஒரு சாவு வீட்டுக்குப் போகக்கூட நேரம் இல்லாத இடத்தை அலுவலகம் என்று எப்படிச் சொல்வது?

மட்டாஞ்சேரியின் கதை 1953-இல் முடிந்துவிடவில்லை. உண்மையான பாடம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. துறைமுகத் தொழிலாளர் வேலையை ஒழுங்குபடுத்த 1948-இல் மத்திய அரசு சட்டம் கொண்டு வந்திருந்தது. அதன்கீழ் கொச்சிக்கான திட்டம் 1959-இல் வந்தது. அரசு, முதலாளிகள், தொழிலாளர் மூவரும் உட்காரும் ஒரு வாரியம். தொழிலாளிகளின் பெயர்கள் ஒரு பதிவேட்டில் ஏறின. கப்பல் வந்தால் பதிவேட்டின் வரிசைப்படி, முறை வைத்து அழைக்க வேண்டும். மாதத்தில் குறிப்பிட்ட நாளுக்குக் கூலி உத்தரவாதம். வந்து நின்றும் வேலை இல்லாமல் திரும்பும் நாளைக்கு ஒரு வருகைப்படி. இதற்கான பணத்தை ஸ்டீவடோர் கம்பெனிகள் வரியாகச் செலுத்தின.

கடைசி ஏற்பாட்டை மறுபடி படியுங்கள். வேலை இல்லாத நாளுக்கும் பணம். இதுதான் பெஞ்ச். மென்பொருள் கம்பெனிகள் தோன்றுவதற்கு எத்தனையோ ஆண்டு முன்பே மூட்டை தூக்கியவர்கள் சண்டை போட்டு வாங்கிய ஏற்பாடு. வித்தியாசம் ஒன்று உண்டு. துறைமுகத்தில் அது சட்டமாக இருந்தது. எந்த முதலாளியும் தன்னிஷ்டத்துக்கு அதை 35 நாளாக்க முடியாது. மென்பொருள் நிறுவனத்தில் அது தாராள மனத்தின் அடையாளமாக இருந்தது. வியாபாரம் கொழித்தபோது கொடுத்தார்கள், சுருங்கியபோது எடுத்துக்கொண்டார்கள். நல்ல பண்பாடு என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் நல்ல லாபம்தான்.

பதிவேட்டுக்கும் ஒரு கெட்ட முகம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் கேரளத்தில் தொழில் தொடங்கப் போன யாராவது இந்தப் பத்தியைப் படித்துச் சிரிப்பார்கள். சுமை இறக்குவது எங்கள் உரிமை என்று வளர்ந்த அதிகாரம், இறக்காமலேயே காசு கேட்கும் அளவுக்குப் போனது. நோக்குகூலி என்று அதற்குப் பெயர். உங்கள் வீட்டுப் பீரோவை உங்கள் மகனே இறக்குவான். பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். 2018 மே 1-ஆம் தேதி முதல் கேரள அரசு அதை ஒழித்தது. அதற்குப் பிறகும் புகார்கள் வந்து, உயர் நீதிமன்றம் கடுமையாகப் பேச வேண்டியிருந்தது. சாப்பாவை எறிந்த கையும் நோக்குகூலிக்கு நீண்ட கையும் ஒன்றுக்கொன்று தூரத்துச் சொந்தம். உழைப்புக்கும் கூலிக்கும் உள்ள சம்பந்தத்தை இரண்டுமே அறுக்கின்றன.

பிறகு இயந்திரம் வந்தது. 1973-இல் 'பிரசிடென்ட் டைலர்' என்ற அமெரிக்கக் கப்பல் கொச்சிக்குக் கன்டெய்னர்களைக் கொண்டுவந்தது. இந்தியாவுக்கு வந்த முதல் கன்டெய்னர் கப்பல் என்று அதைச் சொல்கிறார்கள். பல நூறு பேர் நாள் கணக்கில் இறக்கிய சரக்கை ஒரு கிரேன் சில மணி நேரத்தில் இறக்கியது. 2011-இல் எதிரே வல்லார்பாடத்தில் கன்டெய்னர் முனையம் திறந்ததும் அந்தச் சரக்கும் தீவை விட்டுப் போயிற்று. இன்று வெலிங்டன் தீவில் மரங்களும் பழைய கம்பெனிக் கட்டடங்களும் சுற்றுலாக் கப்பலில் வந்திறங்கும் பயணிகளும் இருக்கிறார்கள். மட்டாஞ்சேரிக்கும் தீவுக்கும் 2025 அக்டோபரில் வாட்டர் மெட்ரோ படகு வந்துவிட்டது. சாப்பாவுக்காக முட்டி மோதிய இடத்தை இன்று குளிர்சாதனப் படகில் கடந்துவிடலாம்.

கன்டெய்னர் எங்கே வந்தாலும் வேலை போகத்தான் செய்தது. ஆனால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி போகவில்லை. அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் ஹாரி பிரிட்ஜஸ் தலைமையில் இருந்த துறைமுகச் சங்கம் 1960-இல் ஓர் ஒப்பந்தம் போட்டது. இயந்திரத்தைத் தடுக்க மாட்டோம். ஆனால் அதனால் வரும் லாபத்தில் எங்களுக்குப் பங்கு வேண்டும். கம்பெனிகள் ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் ஒரு நிதியில் போட்டன. பதிவேட்டில் இருந்தவர்களுக்கு ஆட்குறைப்பு இல்லை என்ற உத்தரவாதம் கிடைத்தது; வயதானவர்கள் பணம் பெற்றுக்கொண்டு முன்னதாகவே ஓய்வு பெற்றார்கள். தலைகள் குறைந்தன, தலைகுனிவு இல்லை. நம் துறைமுகங்களிலும் பதிவேட்டில் பெயர் இருந்தவர்கள் பெரும்பாலும் விருப்ப ஓய்வு, ஓய்வூதியம் என்று பேசி வெளியே வந்தார்கள். பெயர் இல்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்று எழுதி வைக்க ஆள் இல்லை.

மென்பொருள் தொழிலுக்கு இப்போது வந்திருக்கும் கன்டெய்னர்தான் செயற்கை நுண்ணறிவு. புதிதாகச் சேர்ந்தவர் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதும் நிரலை அது சில நிமிடத்தில் எழுதுகிறது. சரியாக எழுதியதா என்று பார்க்க அனுபவசாலி வேண்டும். அந்த அனுபவசாலி புதிதாகச் சேர்ந்தவராக இருந்து வளர்ந்தவர்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆக, இந்தத் தொழிலுக்குப் பதிவேடு மிகவும் தேவைப்படும் நேரம் இது. அதுதான் இல்லை.

ஏன் இல்லை? நாங்கள் தொழிலாளிகள் அல்ல என்று இந்தப் பிள்ளைகள் நீண்ட காலம் நினைத்தார்கள். அப்பா மில்லில் கொடி பிடித்தார். மகன் கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது. சங்கம் என்பது அப்பாவின் காலத்துப் பழக்கம். நிறுவனங்களும் அப்படி நினைப்பதையே விரும்பின. 2017-இல் டெக் மகிந்திராவில் மனிதவள அதிகாரி ஒருவர் ஊழியரிடம் மறுநாள் காலை பத்து மணிக்குள் ராஜினாமா செய்யச் சொன்ன தொலைபேசி உரையாடல் வெளியே கசிந்தது. ஆனந்த் மகிந்திரா பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். நல்ல மனிதர், கேட்டார். ஆனால் பதிவாகாத உரையாடல்களுக்கு யார் மன்னிப்புக் கேட்பார்கள்? ராஜினாமா என்று தாளில் எழுதி வாங்கிவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது பணிநீக்கமே அல்ல. சாப்பா காலத்தைப் போலவே, யாரும் யாரையும் நீக்கவில்லை.

தமிழ்நாட்டில் கதவு கொஞ்சம் திறந்தே இருக்கிறது. 2015 ஜனவரியில் கர்ப்பிணியான ஒரு பெண் ஊழியர் தன் பணிநீக்கத்தை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார். நிறுவனம் நீக்க உத்தரவைத் திரும்பப் பெற்றது. 2016-இல், தகவல் தொழில்நுட்ப ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம், தொழில் தகராறுச் சட்டம் அவர்களுக்கும் உண்டு என்று தமிழக அரசு தெளிவுபடுத்தியது. அதற்குப் பிறகும் சங்கத்தில் சேர்ந்தவர்கள் சொற்பம். பெயர் வெளியே தெரிந்தால் அடுத்த கம்பெனியில் வேலை கிடைக்காது என்ற பயம். வில்லை எறிபவரின் கண்ணில் கெட்ட பெயர் வாங்கக் கூடாது என்று மட்டாஞ்சேரித் தொழிலாளியும் இப்படித்தான் பயந்திருப்பான்.

2025 நவம்பர் 21-ஆம் தேதி நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. எல்லா ஊழியருக்கும் நியமனக் கடிதம் கொடுப்பது கட்டாயம் என்கின்றன அவை. குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவருக்கு ஓராண்டிலேயே கிராஜுவிட்டி உண்டு. நல்லது. ஆனால் ஆலைகளில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவை என்ற எல்லை 100 பேரில் இருந்து 300 பேராக உயர்ந்திருக்கிறது. ஒரு கையால் கடிதம், மறு கையால் கதவு.

என்ன செய்யலாம்? கொச்சித் துறைமுகம் கண்ட விடை சாதாரணமானது. வில்லையை எறியாதே, பட்டியல் போடு. மென்பொருள் நிறுவனத்துக்கு இதைப் பொருத்துவது கடினமல்ல. எந்த புராஜெக்டுக்கு யாரை எடுக்கிறார்கள், எந்த அடிப்படையில் என்பது எல்லோருக்கும் தெரியட்டும். பெஞ்ச் நாட்களின் எண்ணிக்கையைக் கம்பெனி ஒருதலையாக மாற்றாமல் ஊழியர் பிரதிநிதிகளோடு பேசி முடிவு செய்யட்டும். அந்த நாட்களில் புதிய தொழில்நுட்பத்தைக் கற்றுத்தரும் செலவு கம்பெனியுடையதாக இருக்கட்டும். வேலைக் கடிதம் கொடுத்து இத்தனை மாதத்துக்குள் சேர்க்கவில்லையென்றால் காத்திருந்தவருக்குப் படி கொடுக்கட்டும். துறைமுகத்தில் வேலை கேட்டு வந்து நின்றவனுக்குக் கொடுத்தார்களே, அதைத்தான் கேட்கிறோம். போக வேண்டியவர்களைப் பத்து மணிக்குள் போ என்று சொல்லாமல், மரியாதையோடும் பணத்தோடும் அனுப்பட்டும்.

இதையெல்லாம் சட்டம் போட்டுத்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. பிரிஸ்டோவைப் பற்றி ஒரு செய்தி உண்டு. வெள்ளைக்காரர்களின் கிளப்பில் இந்தியர்களுக்கு இடம் கிடையாது என்றிருந்த 1930-களில், அவரும் அவர் மனைவியும் இரு தரப்பாரும் சேர்ந்து உட்காரக் கொச்சியில் லோட்டஸ் கிளப்பைத் தொடங்கினார்கள். தாமாகச் செய்தார்கள், யாரும் வற்புறுத்தவில்லை. ஆனால் அந்த நல்ல மனிதர் கட்டிய துறைமுகத்தில்தான் சாப்பாவும் எறியப்பட்டது. 1941-இல் அவர் ஊருக்குத் திரும்பிய பிறகும் எறியப்பட்டது. மேலே இருப்பவரின் நல்ல குணம் கிளப் வரைக்கும் வந்தது. கப்பல் பக்கத்தில் நின்றவனுக்கு வர 1959-ஆம் ஆண்டின் பதிவேடு தேவைப்பட்டது.

இந்த ஆண்டும் நம் கல்லூரிகளில் வளாகத் தேர்வு நடக்கும். பெற்றோர் கம்பெனியின் பெயரையும் சம்பளத்தையும் கேட்பார்கள். இன்னும் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்பலாம். கடிதம் கொடுத்தால் எந்தத் தேதியில் சேர்ப்பீர்கள்? வேலை இல்லாத நாளில் என்னை என்ன செய்வீர்கள்? பதிலை வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்கட்டும். ஒரு பிள்ளை கேட்டால் அதிகப்பிரசங்கி என்பார்கள். ஒரு வகுப்பே கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.